அங்கியின் உள்துணி: சேலத்தில் எட்டு வார வாசிப்பு வகுப்பு

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் நெருங்கி நிற்கும் தெரு ஒன்றில், மாடி வீட்டின் கூடத்தில், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர் வாடகை நூலகம் நடத்தி வருகிறார். ஆண்டுக்கு இரண்டு முறை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வாசிப்பு வகுப்பு நடக்கிறது. இம்முறை அவர் எடுத்துக்கொண்ட பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செர்பியக் கதைகளில் பெண்கள் பட்ட பாடும் வீட்டுக்குள் நடந்த வன்முறையும். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், கட்டணம் 1,500 ரூபாய். கடைசி வகுப்பு மட்டும் ஏற்காட்டில் ஒரு பகல் முழுவதும் நடந்தது. வேன் வாடகையும் மதியச் சாப்பாடும் கட்டணத்திலேயே அடக்கம். எட்டு வகுப்புக்கும் தவறாமல் போனேன். அடுத்த முறை சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பதில் சொல்வதைவிட, எல்லோருக்குமாகச் சேர்த்து முழுதாக எழுதிவிடுகிறேன்.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு செர்பியக் கதை எதற்கு என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஆசிரியை முதல் நாளே இதற்குப் பதில் சொன்னார். நம் கதைகளைப் படிக்கும்போது நம் மாமியார், நாத்தனார், அண்ணன் முகங்கள் குறுக்கே வந்துவிடுகின்றன, நாமும் உடனே ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறோம். யாரும் போய்ப் பார்த்திராத ஊரின் கதையென்றால் நடந்தது என்னவென்று நிதானமாகப் பார்க்க முடியும் என்றார். அந்த நிதானம் மூன்றாவது வாரத்திலேயே கலைந்துவிட்டது, கலைந்ததும் நல்லதற்கே என்று நினைக்கிறேன். ஆனால் தொடங்குவதற்கு அந்தத் தொலைவு தேவைப்பட்டது உண்மை.

தமிழில் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறிய 1879ஆம் ஆண்டிலேயே செர்பிய மொழியில் லாசா லாசரேவிச் எழுதிய ‘தந்தையோடு முதன்முறை வைகறை வழிபாட்டுக்கு’ என்னும் சிறுகதை வெளிவந்தது. வகுப்பு அதிலிருந்து தொடங்கியது. ஒன்பது வயதில் தான் கண்டதை மகன் சொல்வதாகக் கதை அமைந்திருக்கிறது. தந்தை மித்தர் வணிகர், கண்டிப்பானவர், சீட்டாட்டத்தில் விழுந்தவர். இரவு முழுவதும் ஆடிவிட்டு விடியும்போது வருவார். மனைவி கேட்க வாயெடுத்தால் மிரட்டல்தான் பதிலாக வரும். ஓர் இரவில் கடை உட்பட எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளக் கைத்துப்பாக்கியோடு நிற்கும் அவரை மனைவி தடுத்து, போனதை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம் என்று தேற்றி மீட்கிறாள். கோயில் மணி ஒலிக்க, தந்தை மகனை அழைத்துக்கொண்டு வழிபாட்டுக்குப் போகிறார்.

படித்து முடித்ததும் கூடத்தில் இருந்த ஆண்களும் சில பெண்களும் ஒரே குரலில் அந்தத் தாயைப் போற்றினார்கள். பொறுமைக்கு இவளைவிடச் சான்று வேண்டுமா என்று ஒரு பெரியவர் கண் கலங்கினார். ஆசிரியை மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, தாய் பேசும் வரிகளுக்குக் கீழே ஒரு கோடும், பேச வந்து பேசாமல் திரும்பும் இடங்களில் ஓரத்தில் ஒரு புள்ளியும் போடச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து என் பிரதியைப் பார்த்தேன். கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஓரத்தில் புள்ளிகள் கோலத்துக்கு வைத்ததுபோல வரிசையாக இறங்கின. அதே தாளில் அரை மணி நேரம் முன்புவரை நான் கண்டது குடும்பத்தைக் காத்த ஒரு தாயை மட்டுமே. வாய்திறக்க அஞ்சி வாழ்ந்த ஒரு மனைவியை அப்போதுதான் கண்டேன்.

இந்த வகுப்பின் மதிப்பு முழுவதும் இந்தப் பென்சிலில்தான் இருக்கிறது. அடி விழுந்தால்தான் வன்முறை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அடியே விழாத கதையில் வன்முறை எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பில் இருந்த வழக்கறிஞர் அம்மா ஒருவர், நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல்வழி, பாலியல்வழிக் கொடுமைகளோடு சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் இழைக்கப்படும் கொடுமைகளையும் வன்முறை என்றே வரையறுப்பதை எடுத்துக்காட்டினார். மனைவிக்கு உரிமையுள்ள வீட்டுப் பொருள்களை விற்றுத் தீர்ப்பதும் அதில் அடங்கும். 1879ஆம் ஆண்டு மித்தரை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நிறுத்துவது எங்கள் நோக்கமன்று என்றும் அவரே சொன்னார். நடந்த ஒன்றுக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவே. அந்தப் பெயர் கிடைக்காமல் வாழ்ந்து முடித்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது.

லாசரேவிச் ஒரு மருத்துவர். 1851இல் ஷபாட்ஸ் நகரில் பிறந்து பெர்லினில் மருத்துவம் படித்தவர். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்குப் போனால் மருத்துவர் நம் காலை மடக்காமல் மேலே தூக்கிப் பார்ப்பாரல்லவா, அந்தச் சோதனையை 1880லேயே விவரித்து எழுதியவர் அவர். வலி எங்கே இருக்கிறது என்று அறிந்த அந்தக் கைதான் கதைகளையும் எழுதியது. ஆனால் கதையில் வலியைக் காட்டியபின், பெண்ணின் பொறுமையையே அவர் மருந்தாக எழுதிக்கொடுத்துவிடுகிறார். இது என் கருத்து. ஆசிரியை இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் படித்த ‘கிணற்றடியில்’ கதை என்னை அதைவிடக் கலங்கடித்தது. சாத்ருகா என்பது பல தலைமுறைகள் ஒரே சொத்தில், ஒரே தலைவரின் கீழ் சேர்ந்து வாழும் செர்பியக் கூட்டுக்குடும்பம். நம் பக்கத்துப் பழைய பண்ணைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அப்படியொரு வீட்டுக்குச் செல்லமாக வளர்ந்த அனோகா மருமகளாக வருகிறாள். அவளுக்கு அந்த வீடு ஒத்துவரவில்லை. வேலை செய்ய மறுக்கிறாள், எல்லோரோடும் சண்டை. வீட்டின் மூத்த கிழவர் மத்தியா அவளை அடிக்கவில்லை, வையவுமில்லை. வீட்டார் அனைவரையும் கூட்டி, இனி அனோகா சொல்வதுதான் கட்டளை, அவள் ஒரு வேலையும் செய்யக்கூடாது, எல்லோரும் அவளுக்குப் பணிய வேண்டும் என்று அறிவித்துவிடுகிறார். சில நாளில் அவள் உடைந்துபோகிறாள். விடியற்காலையில் கிணற்றடியில் கிழவருக்குத் தண்ணீர் ஊற்றி, பணிந்த மருமகளாகிறாள்.

கூடம் இரண்டாகப் பிரிந்தது. என்ன அறிவான கிழவர், கைநீட்டாமல் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாரே என்றார் ஒருவர். சேலத்தில் குகை என்று பெயர்கொண்ட பகுதியிலிருந்து வரும் ஓர் அம்மா, “ஏங்க, அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?” என்று கேட்டார். கதையைத் திரும்பப் புரட்டினோம். யாரும் கேட்கவில்லை. ஒரு வீடு முழுவதும் ஒருத்தியைச் சூழ்ந்து நின்று பணிவு என்ற பெயரில் அவளைத் தனிமைப்படுத்துவதற்குத் தடியோ கயிறோ தேவைப்படவில்லை. அனோகாவின் குணம் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு அக்கறையில்லை. அந்தக் கதையில் வீடே தடியாகிறது. நல்ல கதை என்பதாலேயே, அழகாக எழுதப்பட்டது என்பதாலேயே, அதைப் பென்சிலோடு படிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைய வகுப்பின் பின்பகுதியில் வூக் கராஜிச் தொகுத்த நாட்டுப்பாடல்களில் ஒன்றான ‘ஸ்கதார் கோட்டை கட்டுதல்’ வாசிக்கப்பட்டது. கட்டக் கட்டச் சரிந்துவிழும் கோட்டைக்குள் மூன்று சகோதரர்களில் ஒருவரின் மனைவியை வைத்துக் கட்ட வேண்டும். எந்த மனைவி மறுநாள் உணவு கொண்டுவருகிறாளோ அவள்தான் பலி, யாரும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். மூத்தவர்கள் இருவரும் தங்கள் மனைவியரிடம் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் வாக்கைக் காத்த இளையவன் கோய்கோவின் மனைவி பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து சுவருக்குள் போகிறாள். குழந்தைக்குப் பால் கொடுக்க மார்புக்கு நேரே ஒரு துளையும், வீட்டைப் பார்க்கக் கண்ணுக்கு நேரே ஒரு துளையும் விடச் சொல்லிக் கொத்தனாரிடம் அவள் கேட்கும் வரிகளை ஆசிரியையால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அம்மாபேட்டையிலிருந்து வரும் பாட்டி ஒருவர் அப்போது நல்லதங்காள் கதையை, கிணற்றங்கரை வரையில், தாமாகவே சொல்லத் தொடங்கினார். அன்று வகுப்பு ஒரு மணி நேரம் நீண்டது, யாரும் எழுந்து போகவில்லை.

சட்டத்துக்கென்று ஒதுக்கிய நான்காவது வகுப்பு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. 1844இல் வந்த செர்பியக் குடிமைச் சட்டம் திருமணமான பெண்ணை வயது வராதவர்களோடு ஒரே வரிசையில் வைத்தது. மகன் இருந்தால் மகளுக்குத் தந்தை சொத்தில் வாரிசுரிமை இல்லை என்றது. இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டவர்களிடம் ஆசிரியை, தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு கிடைத்தது 1989இல்தான் என்பதை நினைவூட்டினார். கூடத்தில் அந்த ஆண்டுக்கு முன்பே திருமணமாகிப் போனதால் அந்தச் சட்டத்தின் பயனைப் பெறாதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதல் குறை பெரியது. செர்பிய மொழியின் முதல் பெண் நாவலாசிரியர் டிராகா கவ்ரிலோவிச். 1854இல் செர்ப்ஸ்கா ட்ஸெர்ன்யாவில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெண்களின் படிப்பையும் கட்டாயத் திருமணத்தையும் பற்றி அவர் எழுதிய ‘கன்னிப்பெண் நாவல்’ 1889இல் ‘யாவோர்’ இதழில் வெளிவந்தது. எட்டு வாரமும் ஆண்கள் எழுதிய பெண்களையே படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒரு பெண் எழுதிய பெண் கிடைத்தது அரை மணி நேரம் மட்டுமே, அதுவும் ஒரு பக்கச் சுருக்கமாக. மொழிபெயர்ப்பு கைக்குக் கிட்டவில்லை என்றார்கள். அப்படியானால் இரண்டு அத்தியாயங்களையாவது மொழிபெயர்க்க ஆள் பிடித்திருக்க வேண்டும். நீஷ் நகரத்து அந்தப்புரங்களுக்குள் சென்று பார்த்து யெலேனா திமித்ரியேவிச் எழுதி 1897இல் வெளியிட்ட கடிதங்கள் பெயரளவில்தான் சொல்லப்பட்டன. கிராமத்துக்கு வேலைக்கு வரும் இளம் ஆசிரியையை ஊரும் அதிகாரமும் சேர்ந்து நசுக்கும் ஸ்வெட்டோலிக் ரான்கோவிச்சின் ‘கிராமத்து ஆசிரியை’ நாவலும் அதே நாளில் அவசரமாகக் கடந்துபோனது. கூடத்தில் நான்கு பேர் பள்ளி ஆசிரியைகள். மலைக் கிராமங்களுக்குப் பேருந்தில் போய்வரும் அவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும்.

இரண்டாவது, படிகள். தமிழாக்கம் ஆங்கிலத்தின் வழியாக ஆசிரியையே செய்தது. நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரே ஆளின் பெயர் ஒரு பக்கத்தில் சோப்கா என்றும் அடுத்த பக்கத்தில் ஸோஃப்கா என்றும் வருகிறது. நகல்களும் பெரும்பாலும் வகுப்பு நாளன்றுதான் கைக்கு வந்தன. முன்கூட்டியே கொடுத்தால் வீட்டில் படித்துவிட்டு வரலாம். இன்னொன்றையும் கவனித்தேன். ஐந்தாவது வகுப்பில் இரண்டு ஆண்களே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பேச வந்து பேசாமல் திரும்பும் இடங்களுக்குப் புள்ளி வைக்கச் சொன்ன வகுப்பில் அது நடந்திருக்கக் கூடாது. அடுத்த வாரமே ஆசிரியை ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் என்று ஒழுங்கு செய்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, இத்தகைய கதைகளைப் படிக்கும்போது யாராவது உடைந்து அழக்கூடும் என்பதற்கான முன்னேற்பாடு தொடக்கத்தில் இல்லை. ஒருவர் அழுதபோது எல்லோரும் திகைத்து நின்றோம். அதன்பிறகுதான் பெண்களுக்கான உதவி எண் 181 கரும்பலகையின் மேல் மூலையில் எழுதப்பட்டு, கடைசிவரை அழிக்கப்படாமல் இருந்தது. பக்கத்து அறையொன்றும் திறந்துவைக்கப்பட்டது. இது முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டிய ஏற்பாடு.

ஏற்காட்டு வகுப்புக்கு வருகிறேன். வேன் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, காப்பித் தோட்டத்து வீடொன்றின் திண்ணையில் நாங்கள் உட்கார்ந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது. இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்பதால் மாலையில் பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. இந்த வகுப்புக்கு அந்த இழப்பு அதிகம், ஏனென்றால் அன்று எடுத்துக்கொண்டது போரிசாவ் ஸ்டான்கோவிச்சின் ‘அசுத்த இரத்தம்’. நாவல் வெளிவந்தது 1910இல் என்றாலும், துருக்கிய ஆட்சி 1878இல் நீங்கியபின் வ்ரான்யே நகரத்தின் பழைய செல்வக் குடும்பங்கள் சரிந்த கதை அது; அதன் உயிர் முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இருக்கிறது.

சோஃப்கா அழகி, தன் அழகை அறிந்தவள், தனக்கு ஈடானவன் ஊரில் இல்லை என்று நிமிர்ந்து நடப்பவள். அவளுடைய தந்தை எஃபெண்டி மித்தா பெரிய குடும்பத்தின் கடைசித் தலைவர். பணம் எல்லாம் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். வீட்டை விற்கப்போகிறார் என்று சோஃப்கா நினைத்துக்கொண்டிருக்கும்போது, விற்கப்படுவது தான்தான் என்று அவளுக்குத் தெரியவருகிறது. மலையிலிருந்து இறங்கிவந்து பணக்காரரான மார்கோவின் பன்னிரண்டு வயது மகன் தோம்ச்சாவுக்கு அவளைப் பேசியிருக்கிறார்கள். அவள் மறுக்கிறாள். அப்போது தந்தை தம் மேலங்கியை விரித்து உள்துணியைக் காட்டுகிறார். வெளியே பகட்டான அங்கி, உள்ளே கிழிந்து நைந்துபோன துணி. அதைப் பார்த்தபின் அவளிடம் மறுப்பு இல்லை.

இந்த இடத்தில் கொலுசுக்குச் சலங்கை கோத்துப் பற்றவைக்கும் வேலையை வீட்டில் செய்கிற அக்கா ஒருவர், ஏழு வாரமும் வாய்திறக்காமல் இருந்தவர், கையை உயர்த்தினார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். “எங்கப்பா துணியைக் காட்டலைங்க டீச்சர். பட்டறையில முன்பணம் வாங்குன நோட்டைக் காட்டுனாரு. விரிச்சு என் மடியில வெச்சாரு. நான் சரின்னுட்டேன்.” அவ்வளவுதான் சொன்னார். சொல்லும்போது மடியில் இருந்த நகல் தாளைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். அமிலம் பட்டுப்பட்டு அந்த விரல்நகத்தின் ஓரம் கறுத்திருந்தது. அந்தத் தந்தை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தம்முடைய இயலாமையை மகளின் கண்முன் விரித்துவைத்தார். அன்புள்ள மகளால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். எஃபெண்டி மித்தாவுக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பின் நாவலில் நடப்பது இன்னும் கொடியது. மார்கோவுக்கே மருமகள்மீது ஆசை. சிறுவனுக்கு வளர்ந்த பெண்ணைக் கட்டிவைத்து மாமனார் அவளை அடையும் வழக்கம் அந்த மக்களிடையே இருந்ததை நாவல் மறைக்கவில்லை. மார்கோ தன்னோடு போராடி, வீட்டைவிட்டுப் போய் எல்லையில் சாகிறார். தோம்ச்சா வளர்ந்து இளைஞனாகிறான். சோஃப்காவுக்குச் சிறிது காலம் மகிழ்ச்சிகூட வாய்க்கிறது. அப்போது மித்தா, மார்கோ தருவதாகச் சொன்ன பணத்தைக் கேட்டு வருகிறார். தன் மனைவி விலைபேசி வாங்கப்பட்டவள் என்று தோம்ச்சாவுக்கு உறைக்கிறது. அன்றிலிருந்து அடியும் உதையும் இழிவும். நாவலின் இறுதியில் அவள் அடுப்பங்கரையில் அமர்ந்து சாம்பலில் ஏதோ கீறிக்கொண்டிருக்கிறாள்.

நம் ஊரில் பெண் வீட்டார் கொடுக்க வேண்டியது பாக்கி நின்றால் பெண் அடிபடுகிறாள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்தும் அது நின்றபாடில்லை. வ்ரான்யேயில் பெண் வீட்டாருக்கு வரவேண்டியது பாக்கி நின்றதால் பெண் அடிபட்டாள். பணம் போகும் திசை நேர் எதிர். இரண்டு ஆண்களுக்கு இடையிலான கணக்கு தீர்வது மட்டும் இரண்டு ஊரிலும் அவள் உடம்பில்தான். இதை நான் அந்தத் திண்ணையில் சொல்ல நினைத்தேன், வேன் ஓட்டுநர் ஒலி எழுப்பிவிட்டார். கீழே இறங்கும் வழியெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கீழே வீட்டுக்காரர் அறையைத் திறந்துவிடுகிறார்கள். குடிநீரும் கழிப்பறையும் சுத்தமாக இருக்கின்றன. குழந்தைகளை அழைத்து வரலாம், பின்னறையில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இது இல்லையென்றால் வகுப்பில் பாதிப் பெண்கள் வந்திருக்க முடியாது. கட்டணத்தை இரண்டு தவணையாகவும் கட்டலாம். கதை படித்த பழக்கமே இல்லாதவர்களும் தயங்காமல் வரலாம். இலக்கிய வரலாறும் திறனாய்வுக் கோட்பாடும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு மட்டும் இது போதாது. 1,500 ரூபாய்க்கு இது மிக நியாயமான வகுப்பு. டிராகா கவ்ரிலோவிச்சுக்கு இரண்டு முழு வாரங்கள் ஒதுக்கினால் 2,000 கொடுத்தும் மறுபடி சேர்வேன்.

படித்த நகல்களைத் தைத்து ஒரே தொகுப்பாக நூலகத்தில் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். இதை எழுதுவதற்காக அதை எடுக்கப் போனேன். வெளியே போயிருக்கிறது என்றார் ஆசிரியை. பதிவேட்டைப் பார்த்தேன், கொலுசு வேலை செய்யும் அக்காவின் பெயரில் மூன்றாவது முறையாக நீட்டித்திருந்தார்கள். என் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிவிட்டு, ஓரத்தில் புள்ளிகள் வைத்த என் பழைய நகலோடு இறங்கி வந்தேன்.